பச்சை விளக்கை நம்பாத அக்கா

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால், எதற்காக எழுதினாய், யார் எழுதச் சொன்னது என்று கேட்பார். யாரும் சொல்லவில்லை, பிரியத்தில் எழுதினேன் என்றால் அதை ஒரு நாளும் நம்பமாட்டார். ஆபிசில் எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

ஈப்போவில் பழைய கடைவீட்டு வரிசை ஒன்றில் எங்கள் கம்பெனி இருக்கிறது. செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கு உதிரிப் பாகங்கள் விற்கிறோம். கீழே ஸ்டோர், மேலே ஆபிஸ். அக்கா மேலே கணக்குப் பகுதியில் இருந்தார். நான் லோரியில் கெலிண்டானாகச் சேர்ந்தவன். டிரைவர் ஓட்டுவார், சாமான் ஏற்றுவதும் இறக்குவதும் தார்ப்பாய் கட்டுவதும் என் பாடு. கொஞ்சம் கம்ப்யூட்டர் தட்டத் தெரிந்ததால் ஸ்டோர் கணக்கைப் பதியும் கிளார்க்காக மாடிக்கு ஏறினேன். செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருந்து, அந்தத் தோட்டமே தாமான் என்கிற குடியிருப்பு வீடுகளாகிப் போன பிறகு வெளியே வந்த குடும்பம் எங்களுடையது. அதில் ஏர்கோன் அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்த முதல் ஆள் நான்தான். அம்மா இதைச் சொல்லாத ஆள் எங்கள் தாமானில் இல்லை. அந்த நாற்காலி ஒரு தடவை என் கையைவிட்டுப் போகப் பார்த்தது. அதில் அக்காவுக்கு இருந்த பங்கைச் சொல்ல வேண்டுமென்றால், முதலில் அவருடைய சந்தேகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

காரைப் பூட்டிவிட்டுக் கொஞ்ச தூரம் நடந்து, திரும்பி வந்து கதவை இழுத்துப் பார்ப்பார். தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் தே, அதாவது டீ, சொன்னால் உட்காரமாட்டார். கலக்குகிறவர் பக்கத்தில் போய் நின்று பால் டின்னை எட்டிப் பார்ப்பார். சாலையில் யாராவது வழிவிட்டால் இவன் ஏன் விடுகிறான் என்று அங்கேயே நின்றுவிடுவார். பின்னால் வருகிறவன் ஹாரனை அடித்துத் தள்ளுவான். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால், "எனக்கு எதுக்கு குடுக்குற?" என்பார். கொடுத்தவன் பாவம், பெண் வீட்டார் பெயரிலிருந்து மண்டப வாடகை வரை ஒப்பித்துவிட்டுத்தான் நகர முடியும்.

அவருடைய அப்பா பத்து காஜா ஊர்ச் சிறையில் வார்டராக இருந்தவர். ஜெயில்காரர் மகள், வேறு எப்படி இருக்கும் என்று ஆபிசில் பேசிக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு நாள் சாப்பிடும்போது அதை விளையாட்டாகக் கேட்டும்விட்டேன். அக்காவுக்குக் கோபம் வரவில்லை.

"அப்பா வீட்டுக்கு வந்தா எதையும் பூட்ட மாட்டாரு தம்பி. வாசக் கதவக்கூட தொறந்து போட்டுட்டுத்தான் படுப்பாரு. அங்க பூட்டிப் பூட்டி கை அலுத்துப்போச்சின்னு சொல்லுவாரு. நான்தான் எந்திரிச்சுப் போயி பூட்டுவேன்," என்றார்.

அந்தச் சின்னப் பெண் இருட்டில் எழுந்துபோய்க் கதவைப் பூட்டுவதை நினைத்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் ஆபிசின் நெட்வொர்க்கை முதலில் பார்த்துக்கொண்டவர் ஒரு வெளி ஆள். அவர் தொழிலை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போனதும் ஆபிஸ் தவித்துப் போனது. பிரிண்டர் வரும், போகும். மாடியில் ஒருவர் ஃபைல் அனுப்பினால் கீழே வராது. எங்கள் சீன முதலாளி, அவரை நாங்கள் தவுக்கே என்போம், இன்னொரு வெளி ஆளை உள்ளே விட விரும்பவில்லை. கணக்கில் கெட்டிக்காரி என்று அக்காவையும், இளவட்டம் என்று என்னையும் சனிக்கிழமை வகுப்புக்கு அனுப்பினார். மருந்துக் கடைக்கு மேலே ஒரு அறை. சுவிட்ச், ரூட்டர், வீலேன் இதெல்லாம் படிக்கிறேன் என்று வீட்டில் சொன்னேன். அம்மா மறுநாளே குளியலறை விளக்கைச் சரிபண்ணச் சொன்னார்.

சொல்லிக்கொடுத்தவன் வேகமான பையன். சுவிட்ச் என்பது ஒரு கட்டடத்துக் கம்ப்யூட்டர்களை எல்லாம் ஒன்றாகச் சேர்க்கும் பெட்டி, ரூட்டர் என்பது ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும் வாசல் என்று படம் போட்டுக் காட்டினான். அதுவரை புரிந்தது. வீலேன் என்றதும் எனக்குத் தலை சுற்றியது. ஒரே பெட்டி, ஒரே வயர்கள், ஆனால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத சுவர்கள். ஒரு பக்கத்துக் கம்ப்யூட்டருக்கு மறுபக்கத்துக் கம்ப்யூட்டர் இருப்பதே தெரியாது. எப்படி என்று கேட்டுக் கேட்டு அந்தப் பையனை அழவைத்துவிட்டேன். கடைசியில் எனக்கு விளங்கியது எங்கள் தோட்டத்தை வைத்துத்தான். துரை பங்களா, கணக்கு எழுதும் கிராணிகளின் வீடுகள், கூலிக்காரர்கள் நாங்கள் இருந்த லயம் எல்லாம் ஒரே தோட்டம், ஒரே செம்மண் ரோடு. ஆனால் லயத்துப் பிள்ளைகளுக்குப் பங்களாவின் கூரைதான் தெரியும். போக வேண்டுமென்றால் தோட்டத்து ஆபிசில் கேட்டுத்தான் போக வேண்டும், அந்த ஆபிஸ்தான் ரூட்டர். இதைச் சொன்னதும் வகுப்பே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"லயத்துல இருந்து பங்களாவுக்கு யாருமே போனதில்லயா?"

"அம்மா போவாங்க, வீட்டு வேலைக்கு. பின்பக்கமா."

"அப்ப பின்பக்கத்த யாரு பாத்துக்கிட்டது?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். வகுப்பு முடியும்வரை அக்கா அதையே யோசித்துக்கொண்டிருந்தார்.

பழைய சுவிட்ச் ஒன்றை வாங்கி, ஆபிஸ் சமையலறை மேசையில் வைத்துப் பழகினோம். நான் கேபிளைச் சொருகுவேன். பச்சை விளக்கு எரியும். எனக்கு உற்சாகம் பொங்கும். அக்கா அந்த விளக்கைக் குற்றவாளியைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்.

"பச்சை எரிஞ்சா கேபிள்ல உயிர் இருக்குன்னு அர்த்தம். எங்க போவுது, யார பாக்க போவுதுன்னு அது சொல்லுமா?"

சொல்லாதுதான். எந்தக் கேபிள் எந்த மேசைக்குப் போகிறது என்று மாடி முழுக்கத் தவழ்ந்து பார்த்து, இரண்டு முனையிலும் பெயர்ச் சீட்டு ஒட்டினார். யாரும் பயன்படுத்தாத துளைகளை எல்லாம் ஒவ்வொன்றாகக் கட்டளை கொடுத்து மூடினார். காலியாகத்தானே இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டுமே என்றேன். காலியாக இருப்பதில்தான் யாராவது வந்து உட்காருவார்கள் என்றார்.

ஒரு தடவை நான் ஆபிசின் சுவிட்சிலேயே ஏதோ மாற்றிவிட்டு, சேமித்தாயிற்று என்றேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார். பிறகு கரண்ட் வயரைப் பிடித்து இழுத்துவிட்டார். ஆபிஸ் முழுக்கக் கூச்சல். திரும்பச் சொருகியபோது என் மாற்றம் எதுவும் அங்கே இல்லை. சேமிக்க மறந்திருந்தேன். அதற்காக அவர் என்னைத் திட்டியிருந்தால் மறந்திருப்பேன். "மறந்தியா, இல்ல வேணும்னே விட்டியா?" என்று கேட்டார். அதுதான் வலித்தது.

முட்டாள்தனம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதை அக்கா ஒப்புக்கொண்டதே இல்லை. எது நடந்தாலும் அதன் பின்னால் ஒரு ஆள் இருக்க வேண்டும், அந்த ஆளுக்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். தீபாவளிக்கு முன்னால் ஆபிசை எல்லோரும் சேர்ந்து சுத்தம் செய்தோம். சுவிட்ச் அறையில் ஒரு கேபிளின் முனை அநாதையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பார்க்க நன்றாக இல்லையே என்று அதை எடுத்து அதே சுவிட்சில், தூசி தட்ட யாரோ பிரிண்டர் கேபிளைக் கழற்றியதால் காலியாகத் தெரிந்த துளையில் சொருகிவிட்டேன். அதன் மறுமுனை ஏற்கெனவே அதே பெட்டியில்தான் இருந்தது. பெட்டி தனக்குத்தானே பேச ஆரம்பித்துவிட்டது. எல்லா விளக்குகளும் ஒன்றாகப் பைத்தியம் பிடித்துத் துடித்தன. மாடியில் ஒரு கம்ப்யூட்டரும் அசையவில்லை. அக்கா கண்டுபிடித்து அந்தக் கேபிளை உருவினார். யார் என்று கேட்டார். நான்தான், தொங்கியது, அதனால் சொருகினேன் என்றேன்.

"யாரு செய்யச் சொன்னா?"

"யாரும் சொல்லலக்கா. அழகா இருக்கட்டும்னு."

அவர் முகத்தில் துளிகூட நம்பிக்கை இல்லை. வாரக் கணக்கில் என்னை ஒரு மாதிரியாகவே பார்த்தார். ஆனாலும் சாப்பாட்டு நேரத்தில் ஒரே மேசைதான். வீட்டில் மிளகாய் அரைத்துச் செய்து கொண்டுவந்த சம்பாலில் எனக்குப் பாதி வைப்பார். அவர் சம்பால் அப்படி ஒரு ருசி.

அந்த வருடக் கடைசியில்தான் சனி பிடித்தது. ஆலைகளுக்கு நாங்கள் அனுப்பும் டெண்டர்கள் தொடர்ந்து கைநழுவின. ஒவ்வொரு தடவையும் தெலுக் இந்தானில் இருக்கும் ஒரு கம்பெனி, எங்கள் விலைக்குக் கொஞ்சமே கொஞ்சம் குறைத்துக் கொடுத்து வாங்கிக்கொண்டது. ஒரு தடவை என்றால் அதிர்ஷ்டம் என்று விடலாம். எங்கள் விலை முன்கூட்டியே அவர்களுக்குப் போகிறது என்று தவுக்கே முடிவுக்கு வந்தார். அந்தத் தெலுக் இந்தான் கம்பெனியில்தான் என் தங்கச்சி புருஷன் வேலை செய்தார்.

இது ஆபிசில் எல்லோருக்கும் தெரியும். நான் வீடு வாங்கிப் பால் காய்ச்சியபோது மச்சான் வந்திருந்தார். ஆபிஸ் ஆட்களுக்கெல்லாம் அவர்தான் சாப்பாடு பரிமாறினார். அப்போது அவரோடு தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டவர்கள் இப்போது என்னைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். நான் விலைப்பட்டியல் பக்கம் போகிறவனே இல்லை. அந்த ஃபைல்கள் கணக்குப் பகுதியில் அக்காவிடமும் தவுக்கேயிடமும் இருப்பவை. அதை யாரிடம் போய்ச் சொல்வது? யாரும் என்னைக் கேட்கவே இல்லையே. கேட்காமல் பார்த்தார்கள், அவ்வளவுதான். திரும்ப லோரிக்குப் போக வேண்டிவந்தால் அம்மா முகத்தில் எப்படி விழிப்பேன் என்பது ஒன்றுதான் எனக்கு நினைப்பு.

தவுக்கே அக்காவைக் கூப்பிட்டு, படித்ததை எல்லாம் வைத்து ஆபிசைப் பிரித்துப் போடச் சொன்னார். கணக்குக்கு ஒரு வீலேன், மற்ற ஆட்களுக்கு ஒன்று, விருந்தாளிகளின் வைஃபைக்கு ஒன்று, கேமராக்களுக்கு ஒன்று. அக்கா கட்டளைகளைத் தட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்த்தேன். இரண்டு விஷயத்தில் மட்டும் தவுக்கே குறுக்கே நின்றார். விலை ஃபைல்களுக்குப் பாஸ்வேர்டு கூடாது, தட்டிக்கொண்டிருக்க அவருக்குப் பொறுமை இல்லை. அவருடைய அறைக்குள் யாரும் போய் எதையும் தொடவும் கூடாது. அக்கா அரை மனதாகத் தலையாட்டினார். கணக்கு வீலேனுக்குச் சுவர் இருக்கிறது, தவுக்கேயின் அறை அதற்கு உள்ளே இருக்கிறது, போதும் என்று இருவருமே விட்டுவிட்டோம்.

தைப்பூச விடுமுறையில் அம்மா பால்குடம் எடுத்தார். நான் கோயிலில் இருந்தேன். அன்று பகலில் அக்கா தனியாக ஆபிசுக்கு வந்து போனதாகப் பிறகு ஜாகா சொன்னார். எங்கள் வாசல் காவலாளி அவர், பொய் சொல்கிற ஆள் இல்லை. எதற்கு வந்தீர்கள் என்று அக்காவைக் கேட்டேன். சும்மா என்றார். எந்தக் காரியத்துக்கும் காரணம் கேட்கிற அக்கா சும்மா என்று சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதிலிருந்து சின்னச் சின்னதாகக் கண்ணில் பட்டது. ஆபிஸ் சுற்றுலாப் படங்களைப் பொது ஃபோல்டரில் போட்டிருக்கிறோம் என்றார்கள். எல்லோருக்கும் திறந்தது, எனக்குத் திறக்கவில்லை. பார்க்கிறேன் என்றார் அக்கா, பார்க்கவில்லை. என் ஸ்டோர் கணக்கும் பிரிண்டரும் ஓடியதால் நானும் விட்டுவிட்டேன். நான் அவர் மேசைக்குப் போனால் திரையைச் சாத்தினார். ஒரு நாள், "நேத்து சாப்பிட்டு வந்து ரொம்ப நேரம் கம்ப்யூட்டர தொடவே இல்லயே, எங்க போன?" என்றார். இன்னொரு நாள் சம்பாலை வைத்துக்கொண்டே, மச்சான் கடைசியாக எப்போது வீட்டுக்கு வந்தார் என்று கேட்டார். சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

இவர் எனக்கு எதிராக ஏதோ கட்டுகிறார் என்று முடிவு செய்தேன். தவுக்கேயிடம் நல்ல பெயர் எடுக்க ஒரு தலை வேண்டும், என் தலை பக்கத்திலேயே இருக்கிறது. ஒருவேளை விலையை விற்பதே இவராக இருந்தால்? ஃபைல்கள் இவரிடம்தானே இருக்கின்றன? விடுமுறையில் தனியாக வந்துபோகிற ஆள் வேறு. இப்படி எல்லாம் ஓடியது என் புத்தி. ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் சம்பாலை ஒருவர் தின்றுகொண்டு, இருவரும் ஒருவரை ஒருவர் வேவு பார்த்தோம். என் மகன் பிறந்தநாளுக்கு மச்சான் வர வேண்டாம், நிலைமை சரியில்லை என்று தங்கச்சியிடம் போனில் சொன்னேன். "எங்க வீட்டுக்காரர திருடன்னு சொல்றியாண்ணே?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள். பிறகு நான் கூப்பிட்டால் எடுக்கவில்லை.

இன்னொரு டெண்டர் போனது, அதே ஊருக்கு. அன்று சாப்பாட்டுக்குப் பிறகு தவுக்கே என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உள்ளே அக்கா நின்றுகொண்டிருந்தார். கதவைச் சாத்தச் சொன்னார் தவுக்கே. அவர் பேசுவது மலாய்தான், சத்தமே போடமாட்டார். உன் மச்சான் அங்கே என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டார். ஆலைகளுக்குப் போய் ஆர்டர் எடுக்கிற வேலை என்றேன். வாரத்துக்கு எத்தனை தடவை பேசிக்கொள்வீர்கள் என்றார். இப்போது பேசுவதே இல்லை என்றேன். அது ஏன், என்ன மறைக்கிறீர்கள் என்றார். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டியது. ஆபிஸ் சாவியைக் கொடுத்துவிட்டு நாளையிலிருந்து லோரிக்குப் போ, இல்லாவிட்டால் வீட்டுக்குப் போ என்று சொல்லிவிட்டு மேசையில் கையை விரித்து வைத்தார்.

சாவியை மேசையில் வைத்துவிட்டு, நான் செய்யவில்லை தவுக்கே என்றேன். எனக்கே அது பொய்போலக் கேட்டது. அக்கா பக்கம் திரும்பவில்லை. அங்கே எனக்கு எதுவும் கிடைக்காது என்று நிச்சயமாக இருந்தேன். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்ததும், அதை அக்கா பார்த்துவிடக் கூடாதே என்ற ஆத்திரமும் நன்றாக நினைவிருக்கிறது.

அப்போது அக்கா பேசினார். அவர் பேசியதும் மலாயில்தான். எங்கள் பேச்சில் எழுதினால் இப்படி இருக்கும்.

"தவுக்கே, இவன நான் நம்பல. முதல் நாள்ல இருந்து நம்பல. அதனாலதான் தைப்பூசத்தன்னிக்கு வந்து இவன் கம்ப்யூட்டர தனி வீலேன்ல போட்டேன். அதுல இவன் ஒருத்தன்தான். ஸ்டோர் கணக்குக்கும் பிரிண்டருக்கும் மட்டும் வழி. வெலை இருக்கிற பக்கம் போக இவனுக்கு வழியே கெடையாது. தட்டிப் பாத்தா ரூட்டர் எனக்குச் சொல்லும். ஒரு தடவகூட தட்டல. அதுக்கப்புறமும் வெலை வெளிய போயிருக்கு. அப்ப இவன் இல்ல."

பிழைத்தேன் என்று ஒரு பக்கம் நெஞ்சு குதித்தது. மறுபக்கம், இத்தனை நாளும் ஆபிசிலேயே என்னை மட்டும் ஒதுக்கி அடைத்து வைத்திருந்தாரே, வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து சம்பால் பரிமாறினாரே என்று முகம் எரிந்தது. எதற்கு அழுகிறேன் என்றே தெரியாமல் அழுதுவிட்டேன்.

அப்படியானால் யார் என்று தவுக்கே கேட்டார். எல்லா மேசையையும் பார்த்துவிட்டேன், பார்க்காதது ஒரே ஒரு இடம் என்றார் அக்கா. எது என்றார் அவர். "நீங்க தொடக் கூடாதுன்னு சொன்ன இடம்," என்று தரையைக் காட்டினார். இந்த அறை.

தவுக்கேயின் முகம் சிவந்தது. ஆனால் எழுந்து வழிவிட்டார். அவர் அலமாரிக்குப் பின்னால், சுவரில் இருந்த துளையில் ஒரு வெள்ளை வைஃபை பெட்டி சொருகியிருந்தது. வீட்டில் உபயோகிக்கிற சாதாரணப் பெட்டி. அறைக்குள் போனில் வைஃபை சரியாக எடுக்கவில்லை என்று மகனிடம் சொன்னாராம். மகன் வீட்டிலிருந்து பழையதைக் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தானாம். எப்போது என்று கேட்டதற்கு, போன வருடம், டெண்டர்கள் போகத் தொடங்குவதற்கு முன்னால் என்று அவரே விரல்விட்டுப் பார்த்துச் சொன்னார். நாங்கள் கட்டிய சுவருக்கு உள்ளே நின்றுகொண்டு அந்தப் பெட்டி வெளியே கையசைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

அக்கா தன் போனை எடுத்தார். வைஃபை பெயர் பாஸ், அதாவது முதலாளி, என்று இருந்தது. பாஸ்வேர்டு இடத்தில் எட்டு என்ற எண்ணை மட்டும் எட்டுத் தடவை தட்டினார். உடனே திறந்தது. ஈப்போவில் ஒரு தவுக்கே என்ன எண் வைப்பார் என்று சின்னப் பிள்ளைக்குத் தெரியும். எட்டு சீனர்களுக்கு அதிர்ஷ்ட எண், கார் நம்பரும் போன் நம்பரும் அதற்காகவே தேடி வாங்குகிற ஊர் இது. எங்கள் ஆட்கள் மட்டும் என்ன, கோயில் வாசலில் கண்ட எண்ணை நாலு நம்பர் லாட்டரியில் கட்டுகிறவர்கள்தானே. போனை எடுத்துக்கொண்டு அக்கா மாடியிறங்கினார், நானும் பின்னால் போனேன். பக்கத்துக் கோப்பிக் கடையின் உள்ளே போய் உட்கார்ந்து பார்த்தோம். அங்கேயும் எடுத்தது. ஆலைகளுக்கு விற்கப் போகிற எல்லாக் கம்பெனி ஆட்களும் ஈப்போவுக்கு வந்தால் கோப்பி குடிக்க உட்காருகிற கடை அது. எங்கள் விலை ஃபைல்கள் அக்காவின் சின்னத் திரையில் பூட்டு இல்லாமல் திறந்தன.

தவுக்கே தன் கையாலேயே பெட்டியைப் பிடுங்கினார். என் சாவியைத் திரும்ப என் பக்கம் தள்ளிவைத்தார். மன்னிப்பு என்று எதுவும் சொல்லவில்லை. அந்த வழியாக யார் உள்ளே வந்தார்கள் என்பது கடைசிவரை தெரியவில்லை. மச்சானாகக்கூட இருக்கலாம், எனக்கு எப்படித் தெரியும்? தங்கச்சி பிறகு பேசினாள். அந்தக் கேள்வியை இருவருமே தொடுவதில்லை. அக்கா மட்டும் தவுக்கேயின் மகனை மாதக் கணக்கில் முறைத்துக்கொண்டிருந்தார். பையனுக்குப் புத்தி அவ்வளவுதான் என்றேன். யாரோ மாட்டச் சொல்லியிருக்கிறார்கள் என்றார்.

ஒரு வாரம் நான் தனியாகப் போய் மாமாக் கடையில் சாப்பிட்டேன். பிறகு பொறுக்கமுடியாமல் அவர் மேசைக்குப் போய் நேராகக் கேட்டேன்.

"என்ன திருடன்னுதானேக்கா நெனச்சீங்க?"

"இருக்கலாம்னு நெனச்சேன்."

"இப்ப?"

பொய் சொல்லத் தெரியாத மனுஷி. "இப்பவும் கொஞ்சம் இருக்குலா. ஆனா நல்லா யோசி தம்பி. நான் உன்ன நம்பியிருந்தா அன்னிக்கு அங்க நின்னு என்ன சொல்லியிருப்பேன்? நல்ல பையன்னா? அதக் கேட்டு அவரு விட்டிருப்பாரா?"

டப்பாவைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார். கோபத்தோடுதான் தின்றேன்.

அக்காவின் மகளுக்கு ஜொகூரில் படிக்க இடம் கிடைத்தது. பெண்ணைத் தனியாக விடுவாரா, அவரும் கிளம்பினார். கடைசி நாள் பிற்பகலில் சுவிட்ச் அறைக்கு என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். சுவிட்சைப் பழைய பாஸ்வேர்டு போட்டுத் திறந்து கொடுத்துவிட்டு, புதிதாக ஒன்று வைக்கச் சொன்னார். நான் தட்டும்போது சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பார்த்தால்தான் என்ன அக்கா என்றேன்.

"இன்னியோட நான் வெளியாளு. என்னையும் நம்பாத."

சேமித்துவிட்டேன் என்றேன். அவர் வந்து பழைய பாஸ்வேர்டைத் தட்டிப் பார்த்தார். திறக்கவில்லை. இன்னொரு தடவை தட்டினார், திறக்கவில்லை. நன்றாகப் பூட்டியிருக்கிறாய் என்றார். என்னை அவர் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

அவர் போன பிறகு, என் கம்ப்யூட்டரை எல்லோரும் இருக்கும் பக்கம் மாற்றிவிடலாம் என்று திரையின் முன் உட்கார்ந்தேன். நாலு கட்டளை போதும். கை போகவில்லை. தனியாக அடைபட்டுக் கிடந்ததுதான் அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது. அப்படியே இருந்துவிடலாம் என்று எழுந்தேன். அறைக் கதவு வரைக்கும் போன பிறகுதான் உறைத்தது, இருந்தும் இனிப் பயன் இல்லை. பாஸ்வேர்டு என் கையில். அந்தச் சுவரை நான் நினைத்தபோது எடுக்கலாம், நினைத்தபோது வைக்கலாம். நாளைக்கு மறுபடியும் ஒரு விலை வெளியே போனால், இவன் இல்லை என்று சொல்ல இந்தக் கட்டடத்தில் ஒரு ஆள்கூடக் கிடையாது.

பயந்துபோய்விட்டேன். நேரே தவுக்கேயின் அறைக்குப் போய், இன்னொருவரையும் வகுப்புக்கு அனுப்புங்கள் என்று கேட்டேன்.

வேலை அதிகமாகிவிட்டதா என்றார்.

"இல்ல தவுக்கே. என்னைச் சந்தேகப்பட ஒரு ஆள் வேணும்."